கடைசி வாங்குக்கு ஒரு வினா

கடந்த வருடம் பல ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் எனது வழமையான பணியொன்று தடைப்பட்டது. அன்றைய வாரப் பத்திரிகைகளை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, தலைப்புகளில் பிழை பிடிப்பதே அந்தப் பணி. நாற்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகைத் தொழிலில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவனுக்கு இதைவிட வேறு பொழுதுபோக்கு வாய்ப்பதில்லை. அதற்குப் பதிலாக நியூயோர்க்கில் வசிக்கும் எனது தம்பியின் மகளுடைய பரீட்சை விடைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். எனக்கு ஞாயிறு காலை ஏழு மணியென்றால் அவளுக்குச் சனி இரவு ஒன்பதரை மணி. பகல் முழுவதும் ஒரு பாடசாலையில் உதவியாளராக வேலை செய்துவிட்டு, இரவில் படித்து, ஆசிரியராவதற்கான சான்றிதழைப் பெற முயன்றுகொண்டிருந்தாள்.

அவள் எழுதவிருந்த பரீட்சையின் பெயரே என்னை முதலில் கவர்ந்தது. ‘அனைத்து மாணவர்களுக்கும் கற்பித்தல்’ என்பது அதன் பெயர். ஆங்கிலத்தில் மூன்று சொற்கள், சுருக்கமாக ஈ.ஏ.எஸ். என்கிறார்கள். நியூயோர்க் மாநிலம் 2014 ஆம் ஆண்டில் தனது ஆசிரியர் சான்றிதழ் விதிகளைத் திருத்தியபோது நடைமுறைக்கு வந்தது. கணிதம் கற்பிக்கப் போகிறவரானாலும், சங்கீதம் கற்பிக்கப் போகிறவரானாலும் இதை எழுதியாக வேண்டும். ஏனெனில் இது பாட அறிவைச் சோதிக்கும் பரீட்சையன்று. உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளைகள் ஒருவரைப்போல் ஒருவர் இல்லை என்பது உங்களுக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கும் பரீட்சை.

வினாத்தாளின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 40 பல்தேர்வு வினாக்கள். எழுதி விடையளிக்க வேண்டியவை 3. நேரம் 2 மணி 15 நிமிடம். சித்தியடைய 520 புள்ளிகள் வேண்டும். ஐந்து பகுதிகளிலிருந்து வினாக்கள் வரும்: பல்வேறு பின்னணிகளைக் கொண்ட மாணவர்கள், ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் மாணவர்கள், மாற்றுத்திறனும் வேறு விசேட தேவைகளும் உடைய மாணவர்கள், ஆசிரியரின் கடமைகளும் சட்டப் பொறுப்புகளும், பாடசாலைக்கும் வீட்டுக்குமிடையிலான உறவு. முதல் மூன்று பகுதிகளிலிருந்தும் தலா ஒரு எழுத்து வினா. அவை ஒவ்வொன்றுக்கும் 150 முதல் 200 சொற்களுக்குள் விடையெழுத வேண்டும்.

எனது பெறாமகள் முதற்தடவை சித்தியடையவில்லை. ஒரு சில புள்ளிகளால் தவறியது. பல்தேர்வில் நன்றாகச் செய்தவள் எழுத்து வினாக்களில் விழுந்துவிட்டாள். தொலைபேசியில் அழுதாள். “பெரியப்பா, நீங்கள் எத்தினை பேற்றை எழுத்தைத் திருத்தினனீங்கள். என்ரையையும் ஒருக்காப் பாருங்கோ” என்றாள். கல்வியியலில் எனக்கு எந்தப் பட்டமும் இல்லை. இருந்தாலும் ஒப்புக்கொண்டேன்.

அவள் அனுப்பிய பயிற்சி வினாக்களுள் ஒன்று இப்படி இருந்தது. ஐந்தாம் வகுப்பில் ஒரு சிறுமி. எக்குவடோரிலிருந்து வந்து பத்து மாதங்களாகின்றன. அவளைப் பற்றி மூன்று ஆவணங்கள் தரப்பட்டிருந்தன. முதலாவது, வகுப்பைப் பற்றிய விபரம். இரண்டாவது, பெற்றோருடன் நடந்த சந்திப்பின் குறிப்பு. மூன்றாவது, விஞ்ஞான பாடத்தில் குழுவாக உரையாடியபோது ஆசிரியர் எழுதிவைத்த அவதானிப்பு. இவற்றைப் படித்துவிட்டு, அந்தச் சிறுமியின் தேவை ஒன்றை இனங்காண வேண்டும். அதற்கு ஏற்ற ஓர் உத்தியைச் சொல்ல வேண்டும். அந்த உத்தி ஏன் பயன்தரும் என்று விளக்க வேண்டும்.

எனது பெறாமகள் எழுதியிருந்த விடை பார்வைக்கு அழகாகவே இருந்தது. படங்களைப் பயன்படுத்துவேன், மெதுவாகப் பேசுவேன், சிறு குழுவில் அமர்த்துவேன், கருத்துப்படம் வரையச் சொல்வேன் என்று அடுக்கியிருந்தாள். அடுத்த வினாவில் வாசிப்பில் இடர்ப்படும் ஒரு பையன் வந்தான். அவனுக்கும் படம், சிறு குழு, கருத்துப்படம். மூன்றாவது வினா பல பின்னணிகளைக் கொண்ட ஒரு முழு வகுப்பைப் பற்றியது. அங்கும் அதே மருந்துதான். எங்கள் ஊரில் முன்னொரு காலத்தில் எந்த நோய்க்குப் போனாலும் ஒரே நிறத் தண்ணீர் மருந்தைப் போத்தலில் ஊற்றித் தரும் வைத்தியசாலை ஞாபகத்துக்கு வந்தது.

இரண்டாவது ஆவணத்தில் ஒரு வரி இருந்தது. அந்தச் சிறுமி தனது தாய்மொழியான ஸ்பானிய மொழியில் வயதுக்கேற்ற புத்தகங்களைச் சரளமாக வாசிப்பவள் என்று தாயார் கூறியிருந்தார். எனது பெறாமகளின் விடையில் அந்த வரியைப் பற்றிய சிலமனே இல்லை.

“பிள்ளை, இந்தச் சிறுமிக்கு வாசிக்கத் தெரியும். நீ அவளை வாசிக்கத் தெரியாதவளைப் போல நடத்தியிருக்கிறாய்” என்றேன்.

மறுமுனையில் சற்றுநேரம் பேச்சில்லை. பிறகு, “நான் அதைக் கவனிக்கேல்லை பெரியப்பா. ரியூசனிலை சொல்லித் தந்த மாதிரி எழுதினனான்” என்றாள்.

இதுதான் விடயம். அமெரிக்காவிலும் பரீட்சைக்கு ரியூசன் இருக்கிறது. இப்படித் தொடங்கு, இந்தச் சொற்களைப் போடு, இப்படி முடி என்று வாய்பாடு கற்பிக்கிறார்கள். பிள்ளைகள் வேறுபட்டவர்கள் என்று சொல்லும் பரீட்சைக்கு, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே விடையை மனனம் செய்து கொண்டு போகிறார்கள். இதைவிட முரண் வேறென்ன வேண்டும்?

செய்தியாளனாகச் சேர்ந்த புதிதில் எனக்கும் இந்தப் பழக்கம் இருந்தது. வெள்ளம் வந்தால் ஒரு வாய்பாடு, வேலைநிறுத்தம் என்றால் ஒரு வாய்பாடு. இடத்தின் பெயரையும் எண்ணிக்கையையும் மாற்றினால் செய்தி தயார். அக்காலத்தில் எனக்கு மேலாளராக இருந்த செய்தி ஆசிரியர் ஒருநாள் தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, இது போன வருட வெள்ளம், இந்த வருட வெள்ளத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். அந்தப் பாடத்தையே எனது பெறாமகளுக்கும் சொன்னேன். முதலில் ஆவணங்களை வாசி. பிள்ளையால் செய்யக்கூடியது எது, செய்ய முடியாமல் நிற்பது எது என்று இரண்டு நிரல்களில் எழுது. உத்தியைப் பற்றி அதன் பிறகு யோசி. நீ சொல்லும் உத்தியை வேறொரு பிள்ளையின் பெயருக்குக் கீழே அப்படியே ஒட்ட முடியுமானால் அதைக் கிழித்துப் போடு.

அடுத்த வாரம் அதே சிறுமிக்கு அவள் வேறொரு விடையை அனுப்பினாள். விஞ்ஞானப் பகுதியை முதலில் ஸ்பானிய மொழியில் வாசிக்கக் கொடுப்பேன். இரு மொழிகளிலும் பொதுவான வேர் கொண்ட விஞ்ஞானச் சொற்களைப் பட்டியலிட வைப்பேன். அதன் பிறகு ஆங்கிலக் குழு உரையாடலுக்கு அனுப்புவேன். ஏனெனில் இவளுக்குக் குறைவாக இருப்பது விளக்கமன்று, அந்த விளக்கத்தைச் சொல்வதற்கான ஆங்கிலமே. இப்படி எழுதியிருந்தாள். படித்தபோது, எக்குவடோரிலிருந்து வந்த ஒரு பிள்ளை அந்தத் தாளிலிருந்து எழுந்து நின்றதைப்போல் இருந்தது.

இந்தப் பரீட்சைக்காக அவள் படித்தவற்றை நானும் சேர்ந்து படித்தேன். சில விடயங்கள் எனக்குப் புதியவை. சில எங்கள் எல்லோருக்கும் பயன்படக்கூடியவை.

ரொறொன்ரோவில் பணியாற்றிய கல்வியியலாளர் ஜிம் கம்மின்ஸ் 1979 ஆம் ஆண்டில் ஒரு வேறுபாட்டைப் பெயரிட்டுக் காட்டினார். விளையாட்டு மைதானத்தில் பேசும் மொழி வேறு, பாடப் புத்தகத்தின் மொழி வேறு என்பதே அது. முதலாவதைப் புதிதாக வந்த பிள்ளை ஏறத்தாழ இரண்டு வருடங்களில் பிடித்துக்கொள்ளும். இரண்டாவதற்கு ஐந்து முதல் ஏழு வருடங்கள் வரை செல்லலாம். இதை அறியாத ஆசிரியர், சரளமாகப் பேசுகின்ற பிள்ளை பாடத்தில் பின்தங்கும்போது அதைச் சோம்பேறி என்றோ மந்தம் என்றோ முடிவு கட்டிவிடுகிறார்.

எனது பெறாமகள் பதினொரு வயதில் அங்கு போனவள். ஒரு வருடத்தில் அந்நாட்டுப் பிள்ளைகளைப் போலவே பேசத் தொடங்கிவிட்டாள். தம்பி தொலைபேசியில் பெருமைப்பட்டுக்கொண்டான். அடுத்த தவணையில் சமூகக்கல்வியில் சித்தியடையவில்லை. வீட்டில் ஏச்சு விழுந்தது. “அது ஏன் எண்டு எனக்கு இப்பதான் விளங்குது பெரியப்பா” என்றாள், கம்மின்ஸைப் படித்த அன்று. அவளே அந்த வினாத்தாளில் வரும் ஒரு பிள்ளைதான். ஆனால் பரீட்சை மண்டபத்துக்குள் போகும்போது அந்தப் பதினொரு வயதுப் பிள்ளையை வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்னொரு வேறுபாடும் அந்தப் பரீட்சையில் அடிக்கடி கேட்கப்படுவது. இடர்ப்படும் பிள்ளைக்கு வசதியளித்தல் என்பது ஒன்று. அப்பிள்ளைக்காகப் பாடத்தையே மாற்றியமைத்தல் என்பது மற்றொன்று. பார்வைக் குறைவுள்ள பிள்ளைக்குப் பெரிய எழுத்தில் வினாத்தாள் கொடுப்பது, மெதுவாக எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் கொடுப்பது முதலாவது வகை. இங்கே போகும் வழி மாறுகிறது. சேரும் இடம் மாறுவதில்லை. மற்றவர்கள் பத்துக் கணக்குச் செய்ய, அவனுக்கு மட்டும் இரண்டு இலகுவான கணக்குகளைக் கொடுத்துவிடுவது இரண்டாவது வகை. சில பிள்ளைகளுக்கு அதுவும் தேவைப்படலாம். ஆனால் வழியை மாற்றினால் போதுமான பிள்ளைக்கு இடத்தையே மாற்றிவிடுவது இரக்கமல்ல, அநீதி. “பாவம், அவனால் ஏலாது” என்ற எங்களது பாசமான வசனத்துக்குள் எத்தனை பிள்ளைகளின் எதிர்காலம் புதைந்து கிடக்கிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

‘சாரங்கட்டல்’ என்றொரு சொல்லும் வந்தது. கட்டடம் எழும்பும்வரை மேசன்மார் சுற்றிவரக் கட்டும் சாரத்தைப்போல, பிள்ளை தானாக நிற்கும்வரை ஆசிரியர் கொடுக்கும் தற்காலிக உதவிக்குப் பெயர் அது. எங்கள் ஊரில் சாரம் என்றதும் ஆண்கள் உடுக்கும் சாரமே முதலில் நினைவுக்கு வருவதால் இருவரும் சிரித்தோம். ஆனால் பொருள் ஆழமானது. கட்டடம் முடிந்ததும் சாரத்தை அவிழ்த்துவிட வேண்டும். அவிழ்க்காமல் விட்டால் அதுவும் ஒரு சிறைதான்.

இவையெல்லாம் அமெரிக்கர்களின் நல்ல மனதால் தாமாக வந்தவை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் வழக்கும் போராட்டமும் உண்டு. கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை என்ற முறை 1954 ஆம் ஆண்டின் பிரவுண் வழக்கில் சட்டவிரோதமாக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர் எந்த மேலதிக உதவியுமின்றி வகுப்பறைகளில் இருத்தப்பட்டிருந்தனர். அவர்கள் சார்பில் தொடரப்பட்ட லாவ் வழக்கில் 1974 ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே புத்தகத்தையும் ஒரே ஆசிரியரையும் கொடுத்துவிட்டால் சமத்துவம் வந்துவிடாது, மொழி விளங்காத பிள்ளைக்கு அந்தக் கல்வியால் பயனில்லை என்பதே தீர்ப்பின் சாரம். 1975 ஆம் ஆண்டில் மாற்றுத்திறனுடைய பிள்ளைகள் அனைவருக்கும் கல்வி வழங்கும் சட்டம் வந்தது. அதற்கு முன்னர் பத்து லட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் பொதுப் பாடசாலைகளுக்கு வெளியே வைக்கப்பட்டிருந்ததாக அந்நாட்டுக் கொங்கிரசே பதிவுசெய்தது. அந்தச் சட்டத்தின்படிதான் இன்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாள் கல்வித் திட்டம் எழுதப்படுகிறது. ஈ.ஏ.எஸ். பரீட்சையில் ஆசிரியரின் கடமைகள் என்ற பகுதி இந்த வரலாற்றின் மேல்தான் நிற்கிறது.

பரீட்சைகளும் குற்றமற்றவையல்ல. நியூயோர்க்கின் ஆசிரியர் பரீட்சைகளுக்கு எதிராக 1996 ஆம் ஆண்டில் தொடரப்பட்ட குலினோ வழக்கு இதற்குச் சான்று. அங்கு முன்னர் நடத்தப்பட்ட பொது அறிவுப் பரீட்சை கறுப்பின, லத்தீன் அமெரிக்க வம்சாவளி விண்ணப்பதாரிகளை விகிதாசாரத்துக்கு மீறி வெளியே தள்ளியது என்றும், ஆசிரியத் தொழிலுக்கு அது அவசியமென நிரூபிக்கப்படவில்லை என்றும் நீதிபதி கிம்பா வூட் 2012 ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தார். அதன் பின்வந்த பரீட்சைக்கும் 2015 ஆம் ஆண்டில் அதே கதி நேர்ந்தது. அதே ஆண்டில் நீதிமன்றத்தில் தப்பிய மற்றொரு எழுத்தறிவுப் பரீட்சையை 2017 ஆம் ஆண்டில் மாநிலமே கைவிட்டது. கற்பித்தலை வீடியோவில் பதிவு செய்து அனுப்பும் மதிப்பீட்டு முறையும் 2022 ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஈ.ஏ.எஸ். அவற்றோடு போகவில்லை. அதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். கணினியின் முன் இரண்டேகால் மணிநேரம் இருந்து எழுதுவதால் ஒருவருக்குப் பிள்ளைகள் மீது அன்பு வந்துவிடுமா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

வராது. நியாயமான கேள்விதான். ஆனாலும் நான் அந்தப் பரீட்சையின் பக்கம் நிற்கிறேன். பரீட்சை அன்பை அளக்காது; ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியராகப் போகிறவருக்குச் சொல்லிவிடும். பார்க்கத் தெரியாத அன்பு எவ்வளவு கொடுமை செய்யும் என்பதற்கு நானே சாட்சி. அதைச் சொல்வதற்காகவே இந்தப் பத்தியை எழுதத் தொடங்கினேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வலிகாமத்தில் ஒரு கிராமப் பாடசாலையில் நான் ஐந்தாம் வகுப்பில் படித்தேன். நாற்பது பேர் வரை இருந்த வகுப்பு. நான் சட்டாம்பிள்ளை. கடைசி வாங்கில் ஒருவன் இருந்தான். அவனுக்கு வாசிக்க வராது. ‘ள’ எது, ‘ன’ எது என்பதே அவனுக்குத் தடுமாற்றம். ஆனால் கிணற்றடியில் துலா கிரீச்சிடும் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் தேய்மானம் என்று சொல்லிவிடுவான். சைக்கிளைக் கழற்றி மீண்டும் பூட்டுவான். மனக்கணக்கில் என்னைவிட விரைவானவன். எழுத்தில் கணக்கைக் கொடுத்தால் அந்த இடத்திலேயே நின்றுவிடுவான்.

அக்காலப் பாடசாலைகளில் ஒரு வழக்கம் இருந்தது. விடை தெரியாதவனுக்கு விடை தெரிந்தவன் குட்ட வேண்டும். எங்கள் வாத்தியார் கெட்டவர் அல்லர். பிள்ளைகளிடம் பாசமானவர், அவனுக்குப் பசிக்கும் என்று தனது சாப்பாட்டில் பாதியைக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அவனுக்கு ஏன் வாசிப்பு வரவில்லை என்ற கேள்வி அவருக்கு எழவில்லை. அப்படியொரு கேள்வி இருப்பதாக அவருக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவுமில்லை. குட்டினால் வரும் என்று நம்பினார். அந்தக் கை என்னுடையது. ஒவ்வொரு நாளும் நான் குட்டினேன். சரியான விடை சொன்ன பெருமையோடு குட்டினேன். அந்த வருட முடிவில் அவன் பாடசாலையை விட்டு நின்றுவிட்டான்.

பல வருடங்களின் பின்னர், ஏ-9 வீதி திறக்கப்பட்டதற்கு அடுத்த வருடம், 2003 ஆம் ஆண்டில் ஊருக்குப் போனபோது அவனைச் சந்தித்தேன். தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்தும் சிறிய கடை வைத்திருந்தான். 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வில் எல்லாவற்றையும் இழந்து, திரும்பி வந்து, மீண்டும் தொடங்கிய கடை. மூலையில் நான் பணியாற்றிய பத்திரிகையின் ஞாயிறு இதழ்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எண்ணெய் துடைக்க வைத்திருக்கிறான் என்று நினைத்தேன். “இல்லை, அது உன்ரை எழுத்து வாற பேப்பர். மகள் வாசிச்சுச் சொல்லுவாள்” என்றான். பிறகு தலையைத் தடவிக்கொண்டு, “நீ போட்ட குட்டு இப்பவும் இருக்கு” என்று சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

நான் வைத்தியனல்லன். அவனுக்கு இருந்தது இன்று டிஸ்லெக்சியா என்று அழைக்கப்படும் வாசிப்பு இடர்தானா என்று இவ்வளவு காலம் கழித்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் எனது பெறாமகளின் மேசையில் கிடந்த அந்த மூன்று ஆவணங்களைப்போல அவனைப் பற்றியும் மூன்று தாள்கள் எங்கள் வாத்தியாரின் கையில் இருந்திருந்தால், அவன் கதை வேறாக இருந்திருக்கும் என்று மட்டும் என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

பன்முக மாணவர் என்பது அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான பிரச்சினை என்று எவரேனும் நினைத்தால் எங்களது வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை நிலத்தில் இருத்திய வகுப்பறைகள் யாழ்ப்பாணத்தில் இருந்தன. எல்லோருக்கும் சமமான ஆசனம் கொடுக்க வேண்டுமென்று 1930 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் கல்வித் திணைக்களம் பணித்தபோது, அதைப் பொறுக்காமல் பாடசாலைகளுக்குத் தீ வைத்தவர்களும் நாங்கள்தான். 1945 ஆம் ஆண்டில் சீ.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. அது படலையைத் திறந்துவிட்டது. உள்ளே வந்த பிள்ளை உண்மையில் கற்றதா என்று பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பாக எஞ்சியது. 1996 ஆம் ஆண்டில் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28 ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது. 2016 ஆம் ஆண்டில் அது தொடர்பான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. உட்படுத்தல் கல்வி என்ற சொல் எங்களது கருத்தரங்குகளில் தாராளமாகப் புழங்குகிறது.

சொல் கருத்தரங்கிலிருந்து கடைசி வாங்குக்குப் போய்ச் சேர்வதற்குத்தான் வழி வேண்டும். எங்கள் நாட்டில் பட்டதாரிகளை ஆசிரியர்களாகச் சேர்க்கும் போட்டிப் பரீட்சைகளில் பொது அறிவும் நுண்ணறிவும் முக்கிய இடம் பெற்று வந்துள்ளன. நாடுகளின் தலைநகரங்களும் எண் தொடர்களும் தெரிந்தவர் ஆசிரியராகிவிடலாம். நான் கேட்பது ஒரேயொரு வினா. ஒரு பிள்ளையின் வரவுப் பதிவின் ஒரு பக்கம், அதன் கொப்பியின் ஒரு பக்கம், தாயோ பேத்தியோ சொன்ன நாலு வரிகள். இம்மூன்றையும் கொடுத்துவிட்டு, இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும், எங்கே தடைப்பட்டு நிற்கிறது, திங்கட்கிழமை காலையில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அந்தப் பிள்ளை மலையகத்தில் லயன் அறையில் இரவில் படிக்க இடமில்லாத பிள்ளையாக இருக்கலாம். முல்லைத்தீவில் பேத்தியோடு வளரும் பிள்ளையாக இருக்கலாம். கொழும்பில் வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் பேசும் பிள்ளையாக இருக்கலாம். காது சரியாகக் கேட்காததை எவரும் கண்டுபிடிக்காத பிள்ளையாகவும் இருக்கலாம்.

நாற்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று எனது ஆசிரிய நண்பர்கள் கேட்பார்கள். அவர்களது சிரமம் எனக்கு விளங்குகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும் வெட்டுப்புள்ளிக்கு மேலே எத்தனை பேர் என்றுதான் அதிபரும் பெற்றோரும் கேட்கிறார்கள். கீழே நின்ற பிள்ளையைப் பற்றி எவரும் கேட்பதில்லை. நியூயோர்க்கில் உள்ள நிபுணர்களும் நிதியும் எங்களிடம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் எக்குவடோர்ச் சிறுமியைப் பற்றிய அந்த ஒரு வரியை வாசிப்பதற்கு நிதி தேவைப்படவில்லை. கடைசி வாங்கில் இருந்தவனுக்குக் கணக்கை வாயால் சொல்லி, வாயால் விடை கேட்டிருந்தால் அதற்கும் ஒரு சதம் செலவாகியிருக்காது. அவன்தான் வகுப்பில் முதலாவதாக வந்திருப்பான்.

எனது பெறாமகள் இரண்டாவது தடவை சித்தியடைந்துவிட்டாள். இப்போது அவளுக்கென்று ஒரு வகுப்பு இருக்கிறது. முதல் வாரம் எடுத்த தொலைபேசியில், வகுப்பில் 26 பிள்ளைகள், வீடுகளில் ஏழு மொழிகள் என்றாள். யாரைப் பற்றி முதலில் விசாரித்தாய் என்று கேட்டேன். பின்வரிசையில் பேசாமல் இருக்கும் ஒரு பையனைப் பற்றி என்றாள்.

எனது நண்பன் இப்போது இல்லை. இந்தப் பத்தியை அவனுடைய மகளுக்கு அனுப்பி வைக்கிறேன். முன்னர் தகப்பனுக்கு வாசித்துச் சொன்னவள் அவள். இன்று அவளும் ஓர் ஆசிரியை.